கஃபார் மார்க்கெட் லேப்டாப்புக்கு ஒரு லினக்ஸ்

டெல்லி கரோல் பாகில் பழைய லேப்டாப்புக்குப் பஞ்சமே கிடையாது. கஃபார் மார்க்கெட் சந்துகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் அது இல்லை. அவற்றில் ஓடும்படி இலகுவான லினக்ஸ் ஒன்றைத் தொகுத்து, அக்கம்பக்கத்தாருக்குப் போட்டுக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. டெபியன் அடித்தளம், எல்எக்ஸ்கியூடி முகப்பு. மற்றபடி எந்தச் செயலியைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்கிற பஞ்சாயத்துதான் வேலையே.

ஒரு காலத்தில் இந்தப் பஞ்சாயத்துக்கு சிடிதான் நாட்டாமை. 700 எம்பிக்கு மேல் கொள்ளாது, பேச்சு முடிந்தது. 2010-இல் உபுண்டு 10.04 வந்தபோது படம் திருத்தும் கிம்ப் வெளியேற்றப்பட்டதில் இட நெருக்கடிக்கும் பங்குண்டு. டேம் ஸ்மால் லினக்ஸ் 50 எம்பிக்குள் முழு மேசைக் கணினிச் சூழலையே அடைத்துக் காட்டியது. 2024-இல் அது மறுபடி தலைகாட்டியபோது வரம்பு 700 எம்பி. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. இன்றைய உலாவி ஒன்றை வைத்தாலே பழைய 50 போதாது.

இப்போது எட்டு ஜிபி பென்டிரைவ் எங்கும் கிடைக்கிறது. ஆனால் பழக்க தோஷம் விடவில்லை. ஐஎஸ்ஓ கோப்பின் அளவைக் குறைப்பதையே இன்னமும் சாதனையாக நினைக்கிறோம். திறக்காத செயலி ராமைத் தின்பதில்லை. தின்பவை, கணினி எழும்போதே கேட்காமல் எழுந்துகொள்பவை: புளூடூத், புதுப்பிப்பு அறிவிப்பு, கோப்புகளைத் துருவிக்கொண்டே இருக்கும் தேடல் சேவை. இவற்றை நிறுத்தினால் 2 ஜிபி ராம் உள்ள இயந்திரமும் மூச்சுவிடும். பிறகு ஃபயர்பாக்ஸில் யூடியூபைத் திறந்தால் அந்த மிச்சமும் போகும். ஆகவே என் பட்டியலில் முதல் இடம் விளம்பரத் தடுப்பானுக்கு.

கடிதம், படிவம் அடிக்க அபிவேர்டா, லிப்ரே ஆஃபிஸா? லுபுண்டுவே பல வருஷம் அபிவேர்டை வைத்திருந்துவிட்டு 18.10 பதிப்பில் லிப்ரே ஆஃபிஸுக்கு மாறியது. நானும் மாறினேன். அலுவலகத்திலிருந்து வரும் டாக்எக்ஸ் படிவத்தை அபிவேர்டில் திறந்தால் அட்டவணை கலைந்து கிடக்கும். ரைட்டர், கால்க் இரண்டை மட்டும் போட்டு, பேஸ் முதலியவற்றை விட்டுவிடலாம். டெபியனில் தனித்தனிப் பொதிகளாகவே கிடைக்கின்றன.

பிடிஎஃப் விஷயத்தில் ரசனைக்கு இடமே இல்லை. ராஜிந்தர் நகர் பக்கம் ஐஏஎஸ் பயிற்சிக்கு வந்து தங்கியிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மூபிடிஎஃப் செயலியின் வேகம் பெரிதல்ல. வரிக்கு மஞ்சள் பூச வேண்டும். அதனால் கியூபிடிஎஃப்வியூ.

இத்தனையும் யோசித்துப் போட்டுக்கொடுத்த லேப்டாப்பில், பணி ஓய்வு பெற்ற மாமா ஒருவர் உபன்யாசமெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எல்லாம் சரிடா, தமிழ்ல அடிக்கறது எப்படி?”

இலகு லினக்ஸ் பலவற்றில் இந்த இடம்தான் காலி. எடையைக் குறைக்கக் கத்தியை எடுத்ததும் முதலில் விழுவது எழுத்துருக்களும் உள்ளீட்டு முறைகளும்தான். வெட்டுகிறவர் ஆங்கிலத்தில் மட்டும் தட்டச்சு செய்கிறவராக இருப்பார். அவர் திரையில் எதுவும் குறையாது. நம் திரையில் கட்டம் கட்டமாக வரும். அப்படி வராவிட்டாலும், மிகச் சிறிய செயலிகள் சிலவற்றில் ‘கெ’ என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆரம்பத்திலிருந்தே இந்திய மொழிகளை உள்ளே வைத்திருப்பதை இதனால்தான் மதிக்கிறேன், அது இலகுவானதல்ல என்றாலும். தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் வழியாகச் சேர்த்து, மொழி மாற்றும் பொத்தானைத் திரையின் கீழ்ப்பட்டையில் கண்ணில் படும்படி வைப்பதற்குச் சில நிமிஷங்கள் போதும்.

நீங்களும் இப்படி ஒன்றைத் தொகுப்பதாக இருந்தால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு செயலியிலும் ‘கொக்கு’ என்று அடித்துப் பாருங்கள். சரியாக வராததைத் தயங்காமல் தள்ளுங்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும். எழுத்துருவை மட்டும் தள்ளாதீர்கள். லோகித் தமிழ் எழுத்துரு ஒரு எம்பிகூட வராது.