விராலடிப்பானைப் பார்க்கப் போனோம்

நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் ஒரு கலண்டர் தொங்குகிறது. மாதத்துக்கு ஒரு பறவைப் படம். யூலை மாதத்துக்கு வந்தது, காலில் பெரிய மீனொன்றைப் பற்றிக்கொண்டு பறக்கும் பருந்து. பண்ணைக் கடலில் களங்கண்டித் தடிகளில் மாரியில் வந்து குந்துவதும் இதுதான் என்று எங்களில் ஒருவர் பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னது சரி. அதற்கு விராலடிப்பான் என்று தமிழில் பெயரே இருக்கிறது. ஊரில் நாங்கள்தான் எல்லாவற்றையும் பருந்து என்று சொல்லி முடித்துவிட்டோம்.

படத்தைக் கீறியவர் யோன் யேம்ஸ் ஓடுபன். 1785இல் இன்றைய ஹெயிற்றியில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். நெப்போலியனின் படைக்குப் பிள்ளையைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, 1803இல் பதினெட்டு வயதில் தகப்பன் அவரைக் கள்ளப் பாஸ்போட்டில் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். இதை வாசித்ததும் சிரித்துவிட்டோம். எங்களில் சிலருக்கு இந்தக் கதையை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அப்படித் தப்பி வந்தவரே பிறகு அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அமெரிக்கப் பறவைகளை அவர் உள்ள அளவிலேயே கீறினார். 1827 முதல் 1838 வரை 435 படங்கள் அச்சாகின. விராலடிப்பானை அவர் கீறியது 1829இல், கிறேற் எக் ஹாபர் என்ற கடல்வாயில். அது நாங்கள் இருக்கும் இதே நியூ ஜேர்சியில், வீட்டிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம்!

ஓவர்ரைம் இல்லாத ஒரு ஞாயிறு, இரண்டு குடும்பம், ஒரு வான், புட்டுப் பார்சல். கார்டன் ஸ்ரேற் பார்க்வேயில் தெற்கே போய், சோமர்ஸ் பொயின்ற்றிலிருந்து ஓசன் சிற்றிக்குப் போகும் பாலத்தில் இறங்கி நடந்தோம். இருபக்கமும் உப்புச் சதுப்பு. அதன் நடுவே மனிதர் நட்ட கம்பங்கள். கம்பத்தின் உச்சியில் பலகைத் தட்டு, தட்டில் சுள்ளிக் கூடு, கூட்டுக்குள்ளே நீல நைலோன் கயிறும் தெரிந்தது. இரண்டு குஞ்சுகள் தலை நீட்டின. தகப்பன் பறவை காலை முன்னே நீட்டி, தண்ணீரில் பொத்தென்று விழுந்து, மீனோடு எழும்பியது. மீனின் தலை முன்பக்கம் பார்த்தபடி. கலண்டரில் கண்ட அதே கோலம்.

"கமெரா இல்லாத காலத்திலே பறக்கிறதை எப்படிக் கீறினவர்?" என்று மகள் கேட்டாள்.

அவருடைய முறையைச் சொன்னோம். பறவையைச் சுட்டு, நிறம் மங்க முன்னர் கட்டம் போட்ட பலகையில் கம்பியால் குத்தி, பறப்பதுபோல் நிறுத்திவைத்துக் கீறுவார்.

"அப்ப கலண்டரிலே இருக்கிறது செத்ததா?"

"ஓம்."

அதன்பிறகு புட்டு இறங்கவில்லை. கோழி தின்கிற நாங்கள் அவரைக் குற்றம் சொல்லலாமா என்று ஒருவர் கேட்க, வாக்குவாதம் அரை மணித்தியாலம் போனது.

ஆனால் இந்த இனத்தை முடிக்கப் பார்த்தது துவக்கு அல்ல, டிடிடி. நுளம்புக்காக இந்தச் சதுப்புகளில் அடித்த மருந்து தண்ணீருக்குப் போய், மீனுக்குப் போய், பறவைக்குள் சேர்ந்தது. முட்டைக் கோது மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே நொருங்கியது. ஐந்நூறுக்கு மேல் கூடுகள் இருந்த மாநிலத்தில் 1974இல் ஏறத்தாழ ஐம்பதுதான் மிஞ்சின. 1972இல் மருந்து தடைசெய்யப்பட்டது. பிறகு மேரிலாந்துப் பக்கத்துக் கூடுகளிலிருந்து முட்டை கொண்டுவந்து இங்கே வைத்தார்கள், கம்பங்கள் நட்டார்கள். இப்போது எழுநூறைத் தாண்டிவிட்டது.

அதே டிடிடிதான் இலங்கையில் மலேரியாவை அடக்கியது. வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளையாக அடித்துவிட்டுப் போவார்கள் என்று அம்மம்மா சொல்லுவா. அது வந்தபிறகுதான் பிள்ளைகள் தப்பின என்றும் சொல்லுவா. அவ சொன்னதும் உண்மை, இந்தக் கூட்டில் நடந்ததும் உண்மை. பாலத்தில் நின்று மகளுக்கு இரண்டையும் சொன்னோம்.

அவள் புட்டுப் பார்சல் கடதாசியைப் பின்பக்கம் திருப்பிக் கீறத் தொடங்கினாள். கம்பம் வந்தது, தட்டு வந்தது, சுள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. பறவைக்கு ஒரு செட்டை கீறி முடிக்குமுன் அது எழும்பிப் போய்விட்டது. திரும்பி வரும்வரை நிற்போம் என்றாள். திங்கள் காலை ஐந்து மணிக்கு வேலை. எண்ணெய் ஊறிய அந்தக் கடதாசி ஒற்றைச் செட்டையோடு எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.