டில்லியும் நம் தீவும்

நம் சங்கத் திங்களிதழில் ஊர் கண்ட வரலாறு எழுதுமாறு அன்பர் பலர் கேட்டதுண்டு. நாட்டில் இரயில்வே குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு ஊர் சுற்றுவதற்கான பாஸ் உண்டு, ஓய்வுதான் இல்லை. சென்ற தை மாதத்தில் அதுவும் வாய்த்தது. தந்தையார் காலமான பின் அன்னையார் காசிக்குப் போக வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹட் பேயிலிருந்து அவரைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அழைத்துவந்து, காசி யாத்திரையை முடித்துக்கொண்டு, திரும்பும் வழியில் டில்லியையும் பார்த்து வருவதென்று ஏற்பாடு செய்தேன்.

அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. "ராஜாக்கள் இடிந்துபோன வீட்டைப் பார்க்க இத்தனை தூரமா தம்பி? இடிந்த வீட்டை நான் பார்த்ததில்லையா?" என்றார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் ஹட் பேயில் இருந்தவர்கள் கேட்கத் தகுந்த கேள்விதான். நான் மறுமொழி சொல்லவில்லை.

டில்லியை ஒரே ஊர் என்று எண்ணிச் சென்றால் ஏமாற்றமே. ஏழு நகரங்கள் அடுத்தடுத்து எழுந்த வெளி அது. 1206இல் குத்புதீன் ஐபக் சுல்தானானார். அவர் தொடங்கிய குதுப் மினாரை வளர்த்தவர் இல்துத்மிஷ். 72 மீட்டருக்கு மேற்பட்ட அந்தக் கோபுரத்தினருகே இருபத்தேழு ஆலயங்களின் தூண்களைக் கொண்டு கட்டிய மசூதி இருக்கிறது. அதன் முற்றத்திலேயே ஆயிரத்தறுநூறு ஆண்டுப் பழமையுடைய இரும்புத் தூணும் நிற்கிறது. இல்துத்மிஷின் மகள் ரஜியா 1236 முதல் நான்காண்டு அரசாண்டார். அவர் அடங்கிய இடமென்று காட்டுவது பழைய நகரத்தின் குறுகிய சந்தொன்றில், நாற்புறமும் வீடுகள் நெருக்க, கூரையற்றுக் கிடக்கும் ஒரு கல்லறையை. அம்மா முதன்முதலாக நின்று பார்த்த இடம் அதுவே.

பின்னர் கில்ஜிகள் ஸிரியைக் கட்டினர். துக்ளக் வமிசத்தார் துக்ளகாபாதைக் கட்டிச் சில ஆண்டுகளிலேயே கைவிட்டனர். முகம்மது பின் துக்ளக் 1327இல் தலைநகரைத் தக்காணத்துத் தேவகிரிக்கு மாற்றியதும் மீண்டும் டில்லிக்கே திரும்பியதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. பலரும் அறியாதது, அக்காலத்து டில்லிக்கும் நம் மதுரைக்கும் இருந்த உறவு. டில்லியின் சார்பில் மதுரையை ஆளச் சென்ற ஜலாலுதீன் அஹ்ஸன், 1335 அளவில் தாமே சுல்தானென்று பிரகடனம் செய்துகொண்டார். அவருடைய மகளை டில்லியில் மணந்தவர், மொராக்கோ நாட்டு யாத்திரிகரான இபுன் பதூதா. பிற்காலத்தில் அந்த யாத்திரிகர் மதுரைக்கும் வந்துசென்றார்.

1398இல் தைமூர் டில்லியைச் சூறையாடினார். லோதி அரசர்கள் தலைநகரை ஆக்ராவுக்குக் கொண்டுபோயினர். 1526இல் பாபர் வந்தார். இவற்றை விரைந்து கடக்கிறேன். ஏனெனில் என் மனம் தங்கியது ஷாஜகானின் நகரத்தில்.

செங்கோட்டை என்றால் நம்மவர்க்குத் தென்காசிக்கு அப்பாலுள்ள ஊர்தான் நினைவுக்கு வரும். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் நானும் அதைத்தான் அறிவேன். டில்லிச் செங்கோட்டைக்கு 1639இல் அடிக்கல் நாட்டி, 1648இல் ஷாஜகான் குடிபுகுந்தார். அவர் மகள் ஜகனாரா அமைத்த கடைவீதியே சாந்தினி சௌக். அவ்வீதியின் முகப்பில் சமணர் கோயில், சற்றுத் தள்ளிச் சீக்கியரின் குருத்துவாரா, கடைசியில் பதேபுரி மசூதி. பக்கத்தில் மேட்டின் மேல் 1656இல் முடிவுற்ற ஜும்மா மசூதி. அதன் முற்றத்தில் இருபத்தையாயிரம் பேர் ஒருங்கே தொழலாம். படிகளில் ஏறிய அம்மா, "நம் ஊர் ஜெட்டியில் கப்பலுக்குக் காத்திருக்கும் கூட்டம் போல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் ஒப்புமை பொருத்தமாகவே இருந்தது.

1739இல் பாரசீகத்து நாதிர் ஷா மயிலாசனத்தையும் கோஹினூர் வைரத்தையும் கவர்ந்து சென்றார். அதிலிருந்தும் நகரம் பிழைத்தது. 1857தான் அதன் முதுகெலும்பை முறித்தது. மே 11ஆம் நாள் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள், எண்பது வயதைக் கடந்த பகதூர்ஷாவைத் தலைவராக்கினர். செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரத்தை மீட்டனர். குடிகள் அனைவரும் நகரத்துக்கு வெளியே துரத்தப்பட்டனர். இந்துக்கள் முதலிலும், முஸ்லிம்கள் வெகுகாலம் சென்றுமே திரும்பிவர அனுமதிக்கப்பட்டனர். ஜும்மா மசூதி 1862 வரையில் பறிமுதலாகவே இருந்தது. பதேபுரி மசூதியை ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டனர். கோட்டைக்குள்ளிருந்த அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துப் பட்டாளத்துக் கொட்டில்கள் கட்டினர். பின்னர் நகரத்தின் குறுக்கே இருப்புப்பாதையும் போட்டனர். செங்கோட்டைக்கும் சலீம்கர் கோட்டைக்கும் நடுவே இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. இரயிலால் சோறுண்பவன் நான். எனினும் அந்தப் பாதையைப் பார்த்தபோது பெருமை உண்டாகவில்லை.

இனி நம் தீவுக்கு வருகிறேன். பகதூர்ஷாவைச் செங்கோட்டையின் திவானிகாஸ் மண்டபத்திலேயே நிறுத்தி விசாரித்தனர். 1858 மார்ச் 9ஆம் நாள் குற்றவாளியென்று தீர்ப்பாயிற்று. அதற்கு மறுநாள், மார்ச் 10ஆம் நாள், டாக்டர் வாக்கர் என்பவர் இருநூறு கைதிகளுடன் அந்தமானில் கரையிறங்கினார். இந்த இரு நாட்களும் அடுத்தடுத்து வருவதை அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அரசர் ரங்கூனுக்குச் சென்று 1862இல் அங்கேயே மடிந்தார். கிளர்ச்சியில் பிடிபட்ட எளியவர்கள் நம் தீவில் காடு வெட்டினர். கற்றவர்களும் வந்தனர். அவர்களுள் ஒருவர் மௌலானா பஸ்லே ஹக் கைராபாதி. டில்லியில் சிரஸ்ததாராக இருந்தவர். கவி காலிபின் நண்பர். எங்கள் குமாஸ்தா வர்க்கத்துக்கு அவரைப் பெரியவரென்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன். 1861இல் அவர் தீவிலேயே காலமானார். முன்பு போர்ட் பிளேர் என்று வழங்கி 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட நகரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. நம்மவர் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அந்நகரம் போகும்போது ஒருமுறை பார்த்து வரலாம்.

அந்தமானிலிருந்து டில்லிக்குத் திரும்பிய வழியும் உண்டு. 1943 செப்டம்பரில் நேதாஜி ரங்கூனில் பகதூர்ஷாவின் சமாதியில் வணங்கினார். அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் போர்ட் பிளேரில் கொடியேற்றினார். அவர் படையில் மலாய் நாட்டுத் தோட்டத் தமிழர் ஏராளம். 1945 நவம்பரில் அப்படையின் அதிகாரிகள் மூவரை எந்தக் கோட்டையில் விசாரித்தார்கள் தெரியுமா? அதே செங்கோட்டையில். ஹட் பேயில் நேதாஜி நகர் என்ற பெயரை நாள்தோறும் சொல்கிறோம். இதை நினைத்துச் சொன்னதில்லை.

இறுதி நாள் ஹுமாயூன் சமாதிக்குச் சென்றோம். 1556இல் நூலகப் படியில் தவறி விழுந்து இறந்த அரசருக்கு அவர் மனைவி எடுப்பித்த கட்டடம். தாஜ்மகாலுக்கு மூத்தது, எனக்கு அதைவிடவும் பிடித்தது. 1857இல் பகதூர்ஷா ஒளிந்திருந்து சரணடைந்த இடமும் இதுவே. 1947இல் நாடு பிரிந்தபோது, பாகிஸ்தானுக்குப் போகக் காத்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் இங்கும் பழைய கோட்டையிலும் முகாமிட்டிருந்தன என்று அம்மாவிடம் சொன்னேன்.

'முகாம்' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நடப்பதை நிறுத்தினார். எங்கள் வீட்டை அலை கொண்டுபோன பின் நாங்கள் தகரக் கொட்டகையில் இருந்தோம். எனக்கு அப்போது பதினேழு வயது. வெயில் காலத்தில் அந்தத் தகரத்தின் கீழ் அவர் சமைத்ததை நான் மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை. அங்கே எங்கள் வலப்பக்கத்துக் கொட்டகையில் ஒரு வங்காளக் குடும்பம் இருந்தது. அவ்வீட்டுப் பாட்டியார் கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாய் வந்தவர். "இது எனக்கு மூன்றாவது முகாம்" என்பாராம்.

அம்மா சமாதியின் மேடையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். வரிசையாக இருந்த வளைவு வாயில்களைக் கையால் சுட்டி எண்ணினார். "வாசலுக்கு ஒரு குடும்பமா இருந்திருக்கும். மழைக்குப் பயமில்லை. தண்ணிக்குத்தான் கஷ்டப்பட்டிருப்பாங்க, தம்பி" என்றார்.

அரசர் பெயரை அவர் கேட்கவில்லை. தோட்டத்தில் புல்லுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த முதியவர் அருகே சென்று, நம் தீவில் பேசிப் பழகிய இந்தியில் ஏதோ கேட்டார். அவர் ஒரு குழாயைக் காட்டினார். அம்மா அதில் முகம் கழுவிக்கொண்டு, எங்கள் போத்தலையும் நிரப்பி எடுத்துவந்தார். வண்டிக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. "அவசரமில்லையே, இங்கேயே உட்கார்ந்திருப்போம்" என்றார்.