எல்லாக் கட்டியும் ஒரே கட்டியா?

மார்பில் கட்டி என்றதும் எட்டயபுரம் பக்கத்து வீடுகளில் இரண்டு பேச்சு கிளம்பும். "கத்தி பட்டா பரவிரும்" என்பது ஒன்று. "உடனே அறுத்து எறிஞ்சிருங்க" என்பது இன்னொன்று. அந்த நேரம் பார்த்து டாக்டர், "முதலில் கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன்" என்றால் வீடே குழம்பிவிடும். நாளைக் கடத்துகிறாரோ?

இல்லைங்க. பெரிய கட்டியை மருந்தால் சுருக்கினால் ஆபரேஷன் எளிதாகும். சிலருக்கு மார்பகத்தை முழுதாக எடுக்க வேண்டியிருக்காது. 1988இல் அமெரிக்காவில் தொடங்கிய என்.எஸ்.ஏ.பி.பி. பி-18 என்ற ஆய்வு, கீமோவை முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும் ஆயுளில் வித்தியாசமில்லை என்று காட்டியது. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும், முற்றிய கட்டிகளுக்கு மருந்தும் கதிர்வீச்சும் முதலில், கத்தி பிறகு என்ற வழியில் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் மறையும் வரை அதற்காகவே வாழ்ந்தவர்.

ஆனால் எல்லாச் செலவையும் 'இதர செலவுகள்' என்று ஒரே தலைப்பில் எழுதினால் கணக்கு புரியுமா? மார்பகப் புற்றும் அப்படித்தான். பெரும்பாலானவை ஒரே பொது வகை. மிச்சம் இருக்கும் அபூர்வ வகைகள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

'இன்ஃப்ளமேட்டரி' வகையில் கட்டியே தட்டுப்படாமல் போகலாம். மார்பு சிவந்து வீங்கும், தோல் ஆரஞ்சுத் தோல் போலாகும். பால் கட்டிக்கொண்டது என்று நினைத்து நாளைத் தள்ளிவிடுவார்கள். இதற்குக் கண்டிப்பாகக் கீமோதான் முதலில். 'மெட்டாபிளாஸ்டிக்' வகை நூற்றில் ஒன்றுகூட இருக்காது. கீமோவுக்குப் பெரும்பாலும் மசியாது. மருந்து ஏறும்போதே கட்டி வளர்ந்தால் காத்திருக்காமல் ஆபரேஷனுக்குப் போக வேண்டியிருக்கும். 'மியூசினஸ்' வகையும் கீமோவில் அவ்வளவாகச் சுருங்காது. ஆனால் அது மெதுவாக வளர்வது. பெரும்பாலும் ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும்.

கவனித்தீர்களா? "கீமோவுக்குப் பிறகும் கட்டி சுருங்கவில்லை" என்ற ஒரே வாக்கியம் ஒருத்திக்கு அவசரம், இன்னொருத்திக்கு அவ்வளவு பயமில்லை!

அதனால் கீமோ தொடங்கும் முன்பே பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள். கட்டி எவ்வளவு பெரிசு என்பதோடு நிற்க வேண்டாம். அது எந்த வகை, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ன வந்திருக்கிறது, மருந்துக்குச் சுருங்காவிட்டால் அடுத்து என்ன... இதையும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அம்மாவோ அக்காவோ வாய் திறக்கத் தயங்கினால், கூடப் போகிற பிள்ளைகள் கேட்கலாமே!