கடலுக்கு அழைக்கப்பட்ட பிள்ளைகள்



ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோர் திருமண வீடுகளுக்கும் பெருநாள் தொழுகைக்கும் வருவதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்வார்கள். கூட்டத்தின் இரைச்சல் பிள்ளைக்குத் தாங்காது. சுற்றியிருப்போரின் பார்வை தாய்க்குத் தாங்காது. என் தமக்கை இரண்டு பெருநாள்களாகத் திடலுக்கு வரவில்லை.

கலிபோர்னியாவைச் சேர்ந்த அலைச்சறுக்கு வீரர் இஸ்ரேல் பாஸ்கோவிட்ஸின் மகனுக்கும் ஆட்டிசம். நிலைகொள்ளாமல் தவித்த அச்சிறுவன், தந்தையோடு பலகையில் ஏறிக் கடலுக்குள் சென்றதும் அமைதியடைந்தான். அதிலிருந்தே 1996இல் 'சர்ஃபர்ஸ் ஹீலிங்' அமைப்பு உருவானது. தேர்ந்த வீரர்கள் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைத் தம் பலகையில் ஏற்றிக்கொண்டு அலைகளில் மிதந்து வருகின்றனர். பெற்றோரிடம் கட்டணம் பெறுவதில்லை. (இவருடைய தந்தை டோரியன் ஒரு யூத மருத்துவர், 2007இல், தம் 86ஆம் வயதில், காஸா இளைஞர்களுக்கு அலைச்சறுக்குப் பலகைகளைக் கொண்டுசென்று கொடுத்தவர்.)

கடல் ஆட்டிசத்தை நீக்கிவிடாது; அப்படிக் கூறுவோரை நம்ப வேண்டாம். உடலைச் சூழ்ந்து அழுத்தும் நீரும் சீராக வந்து போகும் ஓசையும் சில பிள்ளைகளுக்கு இதமளிக்கின்றன. சிலரை அச்சுறுத்தவும் கூடும். ஆயினும், கரையில் நிற்கும் தாய் அன்று எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

கடலை மனிதருக்கு வசப்படுத்தியதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் எடுத்துரைக்கிறான். அலைச்சறுக்கு நம் எல்லா ஊர்களிலும் இயலாது. திடலின் ஓரத்தில், ஒலிபெருக்கிக்குத் தொலைவாக, இக்குடும்பங்களுக்கென ஒரு விரிப்பை ஒதுக்குவது இயலும். எங்கள் ஜமாஅத் நிர்வாகத்திடம் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரமளானுக்குள் பதில் தருவதாகக் கூறியுள்ளார்கள்.