மாட்டுங்கா: நாயகனின் நிழலில்

தமிழகத்துக்குத் தெரிந்த மும்பைத் தமிழர் ஒரு தாதா. அவர் பிள்ளையார் வைத்த பேட்டைக்கு வேறு முகங்களும் உண்டு.

மாட்டுங்கா ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் வாழையிலை, மல்லிகைச் சரம், அரைபடும் காபிக்கொட்டையின் மணம். ஊரிலிருந்து வருகிறவர்கள் தேடுவது வேறொன்றை: வரதராஜ முதலியார் பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போட்ட இடத்தை. அது நிலையத்துக்கு வெளியேதான்.

வி.டி. நிலையத்தில் மூட்டை தூக்கியவர், கள்ளச்சாராயத்தில் வளர்ந்து 'வரதாபாய்' ஆனார். எண்பதுகளில் போலீஸ் அதிகாரி ஒய்.சி. பவாரின் நெருக்கடி தாங்காமல் சென்னைக்குப் போனார். 1988 ஜனவரியில் அங்கேயே இறந்தார். உடல் பம்பாய்க்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1987 தீபாவளிக்கு, மணிரத்னத்தின் 'நாயகன்' வெளிவந்திருந்தது. சினிமா தந்த கண்ணியத்தில் சாராய நெடி ரொம்பவே குறைவு.

பேட்டையை உருவாக்கியவர்கள் வேறு ரகம். டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்று வேலை தேடி வந்த தென்னிந்தியர்களின் பிள்ளைகளுக்காக எம்.வி. வெங்கடேஸ்வரன் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். உடுப்பிப் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்து சமையற்கட்டில் உழைத்த ராம நாயக், 1942இல் ரயில் நிலையம் அருகே ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கைத் திறந்தார். 1966இல் பிறந்த சிவசேனை தென்னிந்தியர்களைக் குறிவைத்தபோது முதலில் அடிபட்டவை உடுப்பி ஹோட்டல்கள். நாயக்கின் கடையில் இன்றும் இலை போடுகிறார்கள்.

1952இல் தோன்றிய ஷண்முகானந்த சபா, 1963இல் கிங்ஸ் சர்க்கிள் அருகே பிரமாண்டமான அரங்கைக் கட்டியது. 1990இல் தீ அதைத் தின்றது, மீண்டும் எழுப்பினார்கள்.

இந்த நகரத்துச் சங்கீதம் மேடைகளைவிடப் பாட்டு டீச்சர்களையே நம்பியிருந்தது. டி.ஆர். பாலாமணியிடம் கற்றவர்களில் இருவர்: செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவன், 2013இல் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ஜெயஸ்ரீ. ஊரின் பெயர் 1995இல் மாறிவிட்டது. ஜெயஸ்ரீயின் பெயரில் ஒட்டிக்கொண்ட 'பாம்பே' மாறவில்லை. டீச்சரைப் பற்றிப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வடக்கே, நடக்கும் தூரத்தில் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் தலைமுறைகளாக வாழுமிடம். 1957இல் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த திரவியம் நாடார் இங்கே வெல்ல வியாபாரி. இந்திக்காரர்களுக்கு 'குட்வாலா சேட்'. 2018இல் ரஜினியின் 'காலா' வரவிருந்தபோது அவருடைய மகன் 101 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். கதை தன் தந்தையுடையது, அவரைத் தவறாகச் சித்திரிக்கிறார்கள் என்பது புகார். தமிழ் சினிமாவில் தாராவிக்காரர் என்றாலே தாதாதான் என்று ஆகிவிட்ட பிறகு, வெல்லக்கடைக்காரரின் பிள்ளைக்கு ஏற்பட்ட பதற்றம் புரிந்துகொள்ளக் கூடியதே.

படம் அந்த ஜூனில் வெளியானது. அதில் வரும் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட். 'நாயக'னுக்கும் தோட்டா தரணி தாராவியைச் சென்னை ஸ்டுடியோவில்தான் கட்டினார்.