மேலாடையும் மெய்க்கதையும்



வேதத்தில் ஆடை பல இடங்களில் பேசுகிறது. சில இடங்களில் அது பொய்யும் பேசுகிறது. ஏசாவின் வஸ்திரத்தை உடுத்திக்கொண்டு தகப்பனை ஏமாற்றிய யாக்கோபின் கையிலேயே, ஆண்டுகள் சென்றபின் யோசேப்பின் பலவருண அங்கி கொடுக்கப்பட்டது. அங்கி யோசேப்பினுடையதுதான். அதில் தோய்ந்திருந்த இரத்தமோ வெள்ளாட்டுக் கடாவினுடையது. மெய்யான வஸ்திரத்தின்மேல் மெய்யல்லாத கதை பூசப்பட்டிருந்தது. துக்கத்திலிருந்த தகப்பன் இரண்டையும் சேர்த்தே நம்பினான்.

இன்று நம் வீடுகளுக்குள் வந்து சேரும் படங்களையும் சினிமாக்களையும் விளம்பரங்களையும் பார்க்கும்போது அந்த அங்கியே என் நினைவுக்கு வருகிறது.

நான் ஊழியம் செய்வது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே உள்ள கிராமங்களில். களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எங்கள் ஜனங்கள் வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசுகிறார்கள். இங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் போன குடும்பங்கள் பல. அவர்களில் சிலர் இந்த வரிகளை வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்படிப் போன ஒரு குடும்பத்தின் மகள், பெங்களூரில் கல்லூரியில் படிப்பவள், சில காலத்திற்கு முன் எனக்கு ஒரு படத்தை அனுப்பினாள். வாழையிலையின் முன் இரத்தம் சிந்தி நிற்கும் ஒரு பெண்ணின் ஓவியம். கீழே நங்கேலியின் கதை எழுதப்பட்டிருந்தது. மார்பை மறைக்க வரி கேட்டார்கள் என்றும், அவள் தன் மார்பையே அறுத்து வாழையிலையில் வைத்து உயிர்விட்டாள் என்றும் அது சொன்னது. “பாஸ்டர் ஐயா, இது நம் ஊர்க் கதைதானே? கல்லூரியில் பேசப் போகிறேன்” என்று கேட்டாள்.

அவளுடைய உள்ளம் எரிந்துகொண்டிருந்தது என்பதை நான் அறிந்தேன். அந்த அக்கினியை அவிக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டியிருந்தது.

நங்கேலியின் கதை சேர்த்தலையைச் சார்ந்தது. அங்கே ஒரு நிலத்தின் பெயரோடு இணைந்து வாய்வழியாக வழங்கிவந்தது. கண்ணூர் ஓவியர் டி. முரளி அதை வரைந்தார். 2016ஆம் ஆண்டில் பி.பி.சி. அதைப் பற்றி எழுதியபின் உலகமெங்கும் பரவியது. 2022இல் வெளிவந்த ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு’ என்ற மலையாளத் திரைப்படத்தில் நங்கேலி ஒரு பாத்திரமானாள். ஆனால் அக்காலத்து ஆவணம் எதிலும் இந்நிகழ்ச்சி காணப்படவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். மார்பின் பெயரால் ஒரு வரி இருந்தது உண்மை. அது ஒடுக்கப்பட்ட ஜாதிப் பெண்கள்மேல் விதிக்கப்பட்ட தலைவரி. ஆண்கள் செலுத்தியதற்குத் தலைக்கரம் என்று பெயர். ஆடை உடுத்துவதற்கான கட்டணம் அல்ல அது என்று மனு எஸ். பிள்ளை போன்ற ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

அப்படியானால் ஆடைக்கொடுமை கட்டுக்கதையா? அல்லவே அல்ல. அங்கி மெய்யானது. அது எங்கள் மண்ணில் இரத்தமும் கண்ணீருமாய் நடந்தது. அதற்கு ஆண்டும் உண்டு, ஆணையும் உண்டு.

தென்திருவிதாங்கூரில் உயர்ந்தோர் என்று சொல்லப்பட்டவர்களின் முன்னிலையில் மார்பைத் திறந்து நிற்பதே மரியாதை என்று வைத்திருந்தார்கள். நாடார் பெண்கள் தோளின்மேல் துணி போடக் கூடாது. 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபின் இலண்டன் மிஷன் சபைகள் எழும்பின. பாறசாலையிலும் மிஷன் நிலையம் உண்டாயிற்று. விசுவாசத்துக்கு வந்த பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கினார்கள். 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் கலகம் மூண்டது. 1827 முதல் 1829 வரை மறுபடியும் மூண்டது. சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது, ஜெபவீடுகள் எரிக்கப்பட்டன. 1829இன் அரசாணை கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. நாயர் பெண்களைப் போல மேல்துணி போடுவதைத் தடுத்தது. 1858இல் மூன்றாம் முறை கலகம் எழும்பியது. சென்னை கவர்னர் சார்ல்ஸ் டிரவெலியனின் வற்புறுத்தலுக்குப்பின், 1859 ஜூலை 26 அன்று மகாராஜா உத்திரம் திருநாள் ஒரு பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் எல்லாரும் மார்பை மறைக்கலாம் என்றது அது. ஆனால் உயர்ஜாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் அதிலே இருந்தது.

இந்த நிபந்தனையை நன்றாகக் கவனியுங்கள். குளிரோ வெட்கமோ அன்று பிரச்சினையாக இருக்கவில்லை. யாரைப் போல யார் தோன்றலாம் என்பதே பிரச்சினையாக இருந்தது.

என் பாட்டியார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது, ஜம்பருக்கு மேல் கஞ்சிபோட்டு மடித்த கவணியைத் தோளிலே போடுவார்கள். வெயில் காலத்திலும் அதை எடுக்கமாட்டார்கள். அந்த முழம் துணிக்காக எத்தனை பெண்கள் அடிபட்டார்கள் என்பதை வேதாகமக் கல்லூரியில் சபை வரலாறு படித்தபோதுதான் நான் அறிந்தேன்.

இப்பொழுது இன்னொரு துணியைப் பாருங்கள். ஓணம் வந்தால் நகரங்களின் அலுவலகங்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் எல்லாப் பெண்களும் கசவுச் சேலை உடுத்துகிறார்கள். வெள்ளையும் பொன் கரையுமே கேரளம், அதுவே ஆதிமுதல் இருந்த மரபு என்று விளம்பரங்கள் சொல்லுகின்றன. கிளிமானூர் ரவிவர்மா 1893இல் தம் மகளை முண்டும் நேரியதுமாக வரைந்தார். 1894இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த படங்கள், சேலையுடுத்திய தேவிகளைச் சுவர்தோறும் கொண்டுசேர்த்தன. இன்றைய விளம்பரப் பெண்கள் அந்த ஓவியங்களின் பேத்திகள் போலவே நிற்கிறார்கள்.

ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு அறிஞர் 1957இல் வெளியிட்ட தம் நூலில், விளம்பரம், சினிமா, உணவு, உடை ஆகியவற்றுக்குள் இருக்கும் புராணங்களை ஆராய்ந்தார். மனிதர் உண்டாக்கிய ஒன்றை இயற்கையாகவே அமைந்ததுபோலக் காட்டுவது இக்காலப் புராணத்தின் வேலை என்பது அவருடைய கருத்தின் சாரம். கசவுச் சேலைக்கு இது பொருந்துகிறது. அதைப் பார்க்கிறவனுக்கு 1859இன் நிபந்தனை தெரியாது. அதை நெய்தவனும் தெரியமாட்டான். எங்கள் தாலுகாவிலுள்ள பாலராமபுரம் கைத்தறிக்குப் பேர்போனது. மகாராஜா பாலராமவர்மாவின் காலத்தில் (1798–1810) தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர்கள் அங்கே குழித்தறியில் நெய்யத் தொடங்கினார்கள். கேரளத்தின் அடையாளம் என்று நாம் கொண்டாடும் துணியில் தமிழ் பேசிய நெசவாளரின் கைவேலையும் இருக்கிறது.

ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட தோற்றத்தை இன்று நம் பெண்பிள்ளைகள் விலைகொடுத்து வாங்கி உடுத்துகிறார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு விதத்தில் இது ஜெயமே. ஜெயித்தது எது என்று தெரியாமல் உடுத்துவதே என் கவலை.

சினிமாவும் இதற்குச் சாட்சி. 1920-களின் இறுதியில் அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல் ‘விகதகுமாரன்’ என்ற முதல் மலையாளப் படத்தை எடுத்தார். தலித் பெண்ணாகிய பி. கே. ரோசி அதில் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் படம் காட்டப்பட்டபோது கூட்டத்தார் சீறி எழுந்தனர். ரோசி ஊரைவிட்டே ஓடித் தமிழகத்தில் மறைந்து வாழ நேர்ந்தது. பிரகடனம் வந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆன பின்பும், திரையில்கூட ஒருத்தி மற்றொருத்தியைப் போல உடுத்துவதைச் சிலரால் பொறுக்க முடியவில்லை. அந்தப் படத்தின் பிரதி ஒன்றும் இன்று இல்லை. 2013இல் வந்த ‘செல்லுலாயிட்’ என்ற படம்தான் அவர்களுடைய கதையை ஜனங்களுக்கு மறுபடி சொன்னது. சினிமா மறைத்ததைச் சினிமாவே வெளியே கொண்டுவரவும் கூடும்.

பள்ளிக்கூடமோ பின்வாங்கியது. ஒன்பதாம் வகுப்புக்கான என்.சி.இ.ஆர்.டி. வரலாற்றுப் புத்தகத்தில் ஆடையின் சமூக வரலாறு பற்றி ஓர் அதிகாரம் இருந்தது. தோள்சீலைப் போராட்டம் அதில் எழுதப்பட்டிருந்தது. 2019இல் அந்த அதிகாரம் நீக்கப்பட்டது. பாடப்புத்தகம் மௌனமானால் பிள்ளைக்குக் கைபேசியே ஆசிரியராகிறது. கைபேசிக்கோ ஆண்டும் ஆணையும் வேண்டாம், கண்ணைப் பறிக்கும் ஒரு படம் போதும்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் வெள்ளை உடுத்தி, ஆபரணம் இல்லாமல் சபைக்கு வருகிறவர்கள். இதற்கும் ஒரு அர்த்தம் இருந்தது. 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில், அய்யன்காளியின் இயக்கத்தைச் சேர்ந்த புலையப் பெண்கள், அடிமைத்தனத்தின் அடையாளமாகத் தங்கள் கழுத்தில் கிடந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அவர்களுடைய காரணம் வேறு, நம்முடையது வேறு. ஆனாலும் கழுத்தில் ஒன்றும் இல்லாதிருப்பது விடுதலையாக இருக்கக்கூடும் என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள். சங்கிலி போட்டு முதன்முறை சபைக்குள் வரும் ஒரு சகோதரியை நாம் ஏற இறங்கப் பார்த்தால், விடுதலையின் அடையாளத்தை மறுபடியும் அந்தஸ்தின் அடையாளமாக்கிவிடுகிறோம். சாமுவேல் தீர்க்கதரிசி ஈசாயின் வீட்டில் கற்றுக்கொண்ட பாடம் இதுவே அல்லவா?

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவே: “மகளே, நங்கேலியை ஓர் ஊரார் தங்கள் வேதனையைச் சொல்லிக்கொண்ட கதையாகச் சொல். நடந்த சரித்திரமாகச் சொல்லாதே. சபையில் எவராவது எழுந்து அதற்குச் சான்று கேட்டால், நீ சொல்லும் உண்மைகளும் அதோடு விழுந்துபோகும். நம்மைத் துன்புறுத்தியவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. நீ முதலில் உன் பாட்டியிடம் கேள்.”

அவள் பாறசாலையிலுள்ள பாட்டிக்குப் போன் செய்தாள். தன் தகப்பனார் ஜன்மியின் முற்றத்துக்குள் நுழையும் முன் தோளில் கிடந்த தோர்த்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார் என்றும், சிறுபிள்ளையாகத் தான் அதைக் கண்டு வெட்கப்பட்டதாகவும் அந்தத் தாயார் சொன்னார்களாம். அந்தக் காட்சியை எந்த ஓவியரும் வரையவில்லை. பேத்தி அதையே கல்லூரியில் பேசினாள். கேட்டவர்களில் ஒருவரும் சான்று கேட்கவில்லை என்றும், வேறு இரண்டு பிள்ளைகள் எழுந்து தங்கள் வீட்டுக் கதைகளைச் சொன்னார்கள் என்றும் பிறகு எனக்கு எழுதியிருந்தாள்.

பிரியமானவர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைகளை முதியவர்களின் பக்கத்தில் உட்கார வையுங்கள். என்ன உடுத்தினார்கள், எதை உடுத்தக்கூடாதென்று தடுக்கப்பட்டார்கள், யார் முன்னால் எதைக் கழற்ற வேண்டியிருந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். சொன்னவரின் பெயரையும் கேட்ட தேதியையும் குடும்ப வேதாகமத்தின் முதல் தாளில் எழுதி வையுங்கள். அந்த முதியவர்கள் ஒவ்வொருவராய் நித்திரையடைந்து வருகிறார்கள். தாமதிக்க வேண்டாம்.