பழைய முகவரிக்குப் பணி ஓய்வு

நம் வீட்டுக் கதவு எண் போல, இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு. 192.168.1.1 என்பது போல நான்கு எண்கள், நடுவே புள்ளிகள். இந்த முறைக்கு ஐ.பி.வி 4 என்று பெயர். 1981-ல் வகுத்தார்கள். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் இதில் உண்டு. அன்றைய உலக மக்கள்தொகையே ஏறக்குறைய 450 கோடி. ஆளுக்கு ஒன்று கூடத் தேறாது. ஆனால் அன்று இணையம் என்பது ஆராய்ச்சிக்கூடங்களின் சோதனை. வீட்டுக்கு வீடு வரும் என்று யார் நினைத்தார்கள்?

2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அதற்கு முன்பே, 1998-ல், வாரிசு தயாராகிவிட்டது. ஐ.பி.வி 6. அதில் உள்ள முகவரிகளின் எண்ணிக்கையை எழுத 34 போட்டு, பின்னால் 37 சுழியம் போடவேண்டும். இனி பஞ்சமே வராது.

பிறகு ஏன் பழையது இன்னும் போகவில்லை? இரண்டும் ஒன்றோடொன்று நேராகப் பேசாது. 6 மட்டும் தெரிந்த கருவி, 4 மட்டும் தெரிந்த கருவியை அழைக்க நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை.

ஒரே நாளில் மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறார்கள். 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் அதற்கும் முந்தைய முறையை விட்டு இந்த நான்குக்கு மாறியது. அன்று அதில் இருந்தவை சில நூறு கணினிகள். பிரான்சிலும் 1996 அக்டோபர் 18 இரவு 11 மணிக்கு எல்லாத் தொலைபேசி எண்களும் 8 இலக்கத்திலிருந்து 10 இலக்கமாயின. பாரிஸில் சொந்தக்காரர்கள் உள்ள புதுச்சேரி வீடுகளில் டைரிகளைத் திருத்திக்கொண்டோம், அவ்வளவுதான். அங்கே தந்தி, கம்பி, நிலையம் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கையில். இணையத்துக்கு அப்படி ஒரு மேலதிகாரி கிடையாது. யார் உத்தரவு போடுவது?

ஆகவே ஒட்டுப்போட்டே ஓட்டுகிறார்கள். ஒரு வெளி முகவரியை வீடு முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. அதுவும் போதாமல், தொலைபேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கு வைக்கின்றன. ஒண்டுக்குடித்தனம் போல. அதில் ஒருவர் சில்மிஷம் செய்தால், அந்த முகவரியையே ஒரு இணையதளம் தடுத்துவிடும். ஒன்றும் அறியாத மற்ற குடித்தனக்காரர்களுக்கும் கதவு சாத்தப்படும். தொடக்கத்திலேயே வந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் சில, தலா 1 கோடியே 67 லட்சம் முகவரிகளை வாங்கி வைத்துக்கொண்டன. பிந்தி வந்தவர்கள் காசு கொடுத்து வாங்கவேண்டியதாயிற்று. 2011-ல் மைக்ரோசாஃப்ட், திவாலான நார்டெல் நிறுவனத்திடம் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. பழையதை நீட்டிக்கொண்டே போனால் அதன் செலவு பிந்தி வந்தவர் தலையில்தான் விழும்.

நாமும் பிந்தி வந்தவர்கள்தான். அதுவே ஒரு வகையில் நல்லதாயிற்று. 2016-க்குப் பின் வந்த 4ஜி செல்பேசி வலையமைப்பு ஆறிலேயே கட்டப்பட்டதால், கூகுள் கணக்குப்படி இந்தியப் பயனர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் வருகிறார்கள். உங்கள் செல்பேசியும் அநேகமாக அப்படித்தான். உங்களுக்குத் தெரியாமலே மாறிவிட்டீர்கள்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு 'டையிங் கேடர்' என்ற சொல் தெரியும். ஒரு பதவி இனித் தேவையில்லை என்று முடிவானால், அதில் இருப்பவரை வெளியே அனுப்பமாட்டார்கள். புதிதாக ஆள் எடுக்கமாட்டார்கள். இருப்பவர் ஓய்வு பெறும்போது அந்தப் பதவியும் முடிந்துபோகும். யார் சாப்பாட்டிலும் மண் விழாது.

2020-ல் இணையப் பொறியாளர்கள் வெளியிட்ட ஒரு விதி அச்சாக இதேதான். செல்பேசி வைஃபையில் சேரும்போது "எனக்கு நான்கு இல்லாமலும் நடக்கும்" என்று சொல்லலாம். வலையமைப்பு "அப்படியானால் உனக்கு அது வேண்டாம்" என்று பதில் தரும். பத்து வருடப் பழைய பிரிண்டர் அப்படி ஒன்றும் சொல்லத் தெரியாதது. அதற்கு வழக்கம்போலப் பழைய முகவரி கிடைக்கும். கேட்பவர் குறையக் குறைய நான்கின் வேலை தானே குறையும். புதுக் கருவி வாங்க வசதியில்லாத ஓய்வூதியக்காரரும் சின்னக் கடைக்காரரும் நடுவில் அறுந்துபோகமாட்டார்கள்.

ஆனால் தேதியே இல்லாத ஓய்வு ஓய்வாகாது. வருடா வருடம் பணி நீட்டிப்பு வாங்கி நாற்காலியை விடாதவர்களை நாம் பார்த்ததில்லையா? செக் குடியரசு இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 2032 ஜூன் 6-க்குப் பிறகு தன் அரசுச் சேவைகளை நான்கில் தருவதில்லை என்று 2024 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. எட்டு வருட முன்னறிவிப்பு. பழைய பிரிண்டர் தேய்ந்து முடியவும் அலுவலகங்கள் டெண்டர் விட்டு மாற்றவும் அது போதும். மற்ற அரசுகளும் இப்படி ஒரு தேதியை இப்போதே சொல்லிவைத்தால் நல்லது.